கடிமனை: புதுமனை புகுதலின் வரலாறு

புதிய வீடொன்றிற்குக் குடிபுகும் தமிழர் அவ்வீட்டில் முதன்முதலாகச் செய்யும் வேலை துப்புரவு. தரையைக் கழுவுவர், மஞ்சள் நீர் தெளிப்பர், மாவிலை கட்டுவர், சாம்பிராணிப் புகையை அறைதோறும் கொண்டு செல்வர். கட்டி முடித்து வண்ணம் பூசிய வீடாயினும், ஒருவரும் குடியிராத வீடாயினும், இந்தத் துப்புரவு தவறுவதில்லை. அழுக்கே இல்லாத இடத்தில் எதனை நீக்குகிறார்கள் என்னும் வினா இயல்பாகவே எழும்.

இவ்வினாவிற்குரிய விடை தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அச்சொல் 'கடி' என்பதாகும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள்களைக் கூறும். அவற்றுள் காப்பு, புதுமை, அச்சம் என்னும் மூன்றும் ஈண்டுக் கருதத்தக்கன. இவற்றோடு 'கடிதல்' என்னும் வினையையும் சேர்த்து நோக்க வேண்டும். வேந்தன் குடிமக்களைக் காத்துக் குற்றங்களை நீக்குவதை வள்ளுவர் இவ்வினையாலேயே குறிப்பார். ஆகவே, 'கடிமனை' என்பதைப் புதிய மனை எனலாம். காவலுடைய மனை எனலாம். தீயன நீக்கப்பட்ட மனை எனலாம். புதிய இடம் அச்சம் தரும். அச்சம் தருவதை நீக்க வேண்டும். நீக்கியபின் காக்க வேண்டும். புதுமனை புகுதலின் உட்பொருள் முழுவதும் இந்த ஓரசைக்குள் நிற்கின்றது.

இவ்வழக்கம் சங்க காலத்திலிருந்து இன்றைய அடுக்குமாடி வீடு வரை எவ்வாறு வந்து சேர்ந்தது, கடல் கடந்து வந்த தமிழருக்கு அது எப்பொருளைத் தந்தது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

சங்க காலத்து இல்லம்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரசியின் மாளிகை கட்டப்பட்ட முறையை விரிவாகச் சொல்கிறது. நடுப்பகலில் நட்ட கோலின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைத் தேர்ந்து, நூல் அறிந்த வல்லுநர் நுட்பமாகக் கயிறு பிடித்துத் திசைகளைக் குறித்தனர். அத்திசைகளுக்குரிய தெய்வங்களையும் கருதினர். பின்னரே மனையை வகுத்தனர். அம்மாளிகையின் உயர்ந்த வாயில்நிலையில் நெய்யணிந்து, வெண்சிறுகடுகை அரைத்து அப்பியிருந்தனர் என்றும் நக்கீரர் கூறுகிறார். வெண்சிறுகடுகைச் சங்க இலக்கியம் 'ஐயவி' என்று வழங்கும். மாளிகைச் சுவர்களில் வெள்ளியைப் போல் ஒளிரும் சுதை பூசப்பட்டிருந்ததையும் அப்பாட்டு மறவாமல் குறிக்கிறது.

நிலையில் அப்பிய அந்தக் கடுகு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. புறநானூற்றின் 281ஆம் பாடலில், போர்க்களத்தில் புண்பட்டு வந்த வீரனைக் காக்கும் பெண்கள் வீட்டிறப்பில் இரவம் தழையோடு வேப்பந்தழையைச் செருகுகின்றனர், ஐயவியைச் சிதறுகின்றனர், மணி ஒலிக்கின்றனர், மனை முழுதும் நறும்புகை எழுப்புகின்றனர். இப்பாடலைப் பாடியவர் அரிசில் கிழார். 296ஆம் பாடலும் வேம்பின் கிளையை ஒடிப்பதையும் ஐயவியைப் புகைப்பதையும் கூறும். திருமுருகாற்றுப்படையில் முருகனை வழிபடும் களத்திலும் நெய்யோடு ஐயவி அப்பப்படுகிறது. அரண்மனை வாயில், புண்பட்டவன் வீடு, வழிபாட்டுக் களம் ஆகிய மூன்றிலும் ஒரே பொருள் ஒரே நோக்கத்திற்குப் பயன்பட்டுள்ளது. கண்ணுக்குத் தெரியாத தீங்கு வாயிலைக் கடந்து உள்ளே வராதிருக்க வேண்டும் என்பதே அந்நோக்கம்.

கண்ணுக்குத் தெரியும் தூய்மையையும் சங்கச் சான்றோர் விட்டுவிடவில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில், திருமண வீட்டுப் பந்தலின்கீழ் புதுமணல் பரப்பப்படுகிறது, விளக்கு ஏற்றப்படுகிறது, மாலைகள் தொங்கவிடப்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படை, ஆப்பி கொண்டு மெழுகிய அந்தணர் இல்லத்தைக் காட்டும். பட்டினப்பாலை, புதியோர் வந்து தங்கும் பொதியிலை மெழுகி, மலர் தூவி, அந்தியில் விளக்கேற்றும் மகளிரைக் காட்டும். மணல், மெழுக்கு, சுதை ஆகியவை கைக்கு அகப்படும் அழுக்கை நீக்கின. கடுகு, வேம்பு, புகை ஆகியவை கைக்கு அகப்படாத அச்சத்தை நீக்கின. இவ்விரு வகைத் துப்புரவும் அன்றுதொட்டே இணைந்து வந்துள்ளன என்பது தெளிவு.

காப்பியம் காட்டும் இரு வீடுகள்

சிலப்பதிகாரத்தில் கண்ணகி இருமுறை புதிய வீட்டிற்குள் புகுகிறாள். இவ்விரு புகுதலையும் அருகருகே வைத்துக் காண்போர், புதுமனை என்பதன் இருவேறு நிலைகளை உணர்வர்.

முதலாவது வீடு புகாரில் உள்ளது. திருமணம் முடிந்தபின் கோவலனின் தாய், மணமக்கள் இல்லறத்தின் கடமைகளைத் தாமே நடத்திப் பழகுமாறு அவர்களுக்குத் தனியே மனை அமைத்துக் கொடுக்கிறாள். அது உரிமையுள்ள வீடு. செல்வமும் சுற்றமும் சூழ்ந்த வீடு.

இரண்டாவது வீடு மதுரையின் புறஞ்சேரியில் உள்ளது. பொருளை இழந்து, நெடுவழி நடந்து வந்த இருவருக்கு ஆயர்குலத்து மாதரி அடைக்கலம் தருகிறாள். நெருங்கப் பின்னிய வேலியும், செம்மண் பூசிய பந்தரும் உடைய சிறிய வீடொன்றை அவள் ஒழித்துக் கொடுக்கிறாள். கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் 'கடிமனை' என்னும் சொல்லை இச்சிறு வீட்டிற்கே வழங்குகிறார். ஆயர் மகளிர் கண்ணகியைப் புதுநீராட்டி உள்ளே இருத்துகின்றனர். கண்ணகி தன் கையாலேயே சோறாக்குகிறாள். இலை இடுவதற்கு முன், மண்மகளின் மயக்கத்தைத் தெளிவிப்பவள்போலத் தரையில் தண்ணீர் தெளித்துக் கையால் தடவுகிறாள்.

அந்தச் சிறு செயல் கருதத்தக்கது. பிறர் தந்த வீடு அது. நிலம் அவளுடையதன்று, கூரையும் அவளுடையதன்று. எனினும், நீர் தெளித்துத் தடவிய அந்த ஒரு சாண் நிலத்தில் கணவனுக்கு உணவிட்டபோது, அவ்விடம் அவளுடைய இல்லமாயிற்று. உரிமைப் பத்திரம் இல்லாதவர்க்கும் வீட்டை வீடாக்கும் ஆற்றல் துப்புரவுக்கு உண்டு. நூற்றாண்டுகள் பல கடந்து, அடைக்கலமாக வேற்று நிலத்திற்கு வந்த தமிழ்ப் பெண்களும் இதையே செய்ய நேர்ந்தது.

வடநூல் மரபும் சடங்கின் அமைப்பும்

இன்று கிரகப்பிரவேசம் என வழங்கும் சடங்கில் வடமொழி மரபின் பங்கு பெரிது. ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் வீட்டின் தலைவனாகிய வாஸ்தோஷ்பதியை வேண்டும் பாடல் உள்ளது. நோயின்றி வாழவும், மக்களும் கால்நடையும் நலம்பெறவும் அப்பாடல் வேண்டுகிறது. கிருஹ்ய சூத்திரங்கள் வீடு கட்டும் இடம், புகும் முறை, நீர் தெளித்தல் ஆகியவற்றை விதிகளாக வகுத்தன. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதை, மனை நூலுக்கெனத் தனி இயலே கொண்டுள்ளது.

மச்ச புராணம் கூறும் வாஸ்து புருடன் கதை இச்சடங்கின் கருத்தை விளக்கும். அந்தகாசுரனோடு சிவபெருமான் பொருதபோது சிந்திய வியர்வையிலிருந்து ஒரு பேருரு தோன்றிற்று. தேவர்கள் அதனை நிலத்தில் அழுத்தி, அதன் உறுப்புகள்மேல் ஆளுக்கோர் இடமாக அமர்ந்தனர். அவ்வாறு அடங்கிக் கிடக்கும் உருவே மனையின் தெய்வமாயிற்று. வீடு கட்டுவோர் இடும் பலி அதற்கு உணவாயிற்று. கதையைப் புனைவு என ஒதுக்குவோரும் அதன் கருத்தை ஒதுக்குதல் இயலாது. எந்த நிலமும் வெற்று நிலமாக இருந்ததில்லை. மனிதன் வருமுன் அங்கே புல்லும் புழுவும் பாம்பும் பறவையும் குடியிருந்தன. அவ்விடத்தைக் கைக்கொள்பவன், முன்பிருந்தவற்றிடம் ஒரு வகையில் விடைபெற வேண்டியவன் ஆகிறான்.

இன்றைய சடங்கில் இவ்விரு மரபுகளும் கலந்துள்ளன. கணபதி வேள்வியும் வாஸ்து வேள்வியும் புரோகிதர் நடத்துவன. பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே அழைத்தல், நிறைகுடம், உப்பு, மஞ்சள், விளக்கு ஆகியவற்றை முதலில் கொண்டு செல்லுதல், புதிய அடுப்பில் பால் பொங்கவிடுதல், வாயிலில் பூசணிக்காய் உடைத்தல் ஆகியன குடும்பத்தார் தாமே செய்வன. பால் பொங்கும் நிகழ்ச்சிக்கு மட்டும் எல்லாரும் அடுப்பைச் சூழ்ந்து நிற்பர். புதிய வீட்டின் முதல் நெருப்பு அது. முதல் உணவும் அதுவே. புரோகிதரை அழைக்க வசதியில்லாத குடும்பங்கள்கூடப் பால் காய்ச்சுவதை விடுவதில்லை. மக்கள் வழக்கில் 'பால் காய்ச்சுதல்' என்னும் தொடரே புதுமனை புகுதலுக்கு மற்றொரு பெயராகிவிட்டது.

லயத்து வீடுகள்

மலாயாவிற்கு வந்த தமிழ்த் தொழிலாளரின் பயணம் ஒரு வகைத் துப்புரவோடுதான் தொடங்கியது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் சோதிக்கப்பட்டனர். கப்பலில் பினாங்கை அடைந்தவர்கள் அதனை அடுத்துள்ள ஜெரஜாக் தீவின் தனிமை முகாமில் தங்கவைக்கப்பட்டனர். புதிய வீட்டை நீர் தெளித்துத் தூய்மை செய்து பழகிய மக்கள், இங்கே தாமே தூய்மை செய்யப்பட வேண்டிய பொருள்களாக நிறுத்தப்பட்டனர். நோய் பரவாமல் தடுக்க அம்முறை தேவைப்பட்டது உண்மையே. எனினும், 'நான் புகும் இடத்தை நான் தூய்மை செய்கிறேன்' என்னும் பெருமை அங்கே அவர்களுக்கு இல்லை.

தோட்டத்தை அடைந்தவர்களுக்கு லயத்தில் ஒரு காம்பரா தரப்பட்டது. நீண்ட ஒரே கூரையின்கீழ், பலகையால் தடுக்கப்பட்ட அறைகளின் வரிசையே லயம். அந்த அறை நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரையில் வீடு. வேலை போனால் வீடும் போகும். அங்கே மனை பார்க்கவும் நாள் குறிக்கவும் இடமில்லை. வாயில் எத்திசை நோக்க வேண்டும் என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. வாஸ்து புருடனின் இடத்தில் தோட்டத்துரை அமர்ந்திருந்தார் எனல் மிகையாகாது.

எனினும், தோட்ட மக்கள் தூய்மையைக் கைவிடவில்லை. விடியுமுன் பால்மரம் சீவப் புறப்படும் பெண், அதற்கும் முன்னே எழுந்து வாசல் பெருக்கி நீர் தெளித்தாள். லயத்தின் வாசலில் கோலம் விழுந்தது. தைப்பொங்கலுக்கு முன் காம்பரா கழுவப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி மணந்தது. மாதரியின் சிற்றிலில் கண்ணகி செய்ததை, ரப்பர்க் காட்டின் நடுவே இவர்கள் நாள்தோறும் செய்தனர். சொந்தமற்ற வீட்டை வீடாக்க அவர்களிடம் இருந்தவை விளக்குமாறும் நீருமே.

சாம்பிராணியும் வடிகாலும்

இவ்விடத்தில் வரலாறு கற்பிக்கும் மற்றொரு பாடத்தையும் மறைத்தலாகாது. தோட்ட மக்களைப் பெருமளவில் கொன்றது கண்ணேறுமன்று, பேயுமன்று. அது மலேரியாக் காய்ச்சல். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் உண்மையை ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டறிந்தார். 1901இன் தொடக்கத்தில் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், ஊரெங்கும் காய்ச்சல் பரவியிருக்கக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தொழிலாளர் அடுத்தடுத்துக் காய்ச்சலில் வீழ்ந்தனர். இன்று அத்துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப்படுகிறது. சதுப்பு நிலங்களை வெட்டி நீரை வடித்தல், புதரைக் களைதல் ஆகிய வழிகளால் வாட்சன் அவ்விரண்டு இடங்களிலும் நோயை வெகுவாகக் குறைத்தார். பின்னர்த் தோட்டங்களுக்கும் அம்முறைகள் சென்றன. தேங்கிய நீரில் எண்ணெய் தெளிக்கும் வழக்கமும் பரவிற்று.

மாவிலைத் தோரணத்தால் தடுக்க முடியாத சாவை வடிகால் தடுத்தது. எனவே, மரபைப் போற்றுவோர் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. சுண்ணாம்பு பூசுதலால் கிருமி அழிவது உண்மை. அதன் காரத்தன்மையே அதற்குக் காரணம். சன்னலைத் திறந்து வெயிலையும் காற்றையும் உள்ளே விடுதல் நலம் தருவதும் உண்மை. ஆனால், மூடிய அறையில் புகையை நிரப்புதல் மூச்சுக்குக் கேடாகும். சாணம் தரையின் புழுதியை அடக்கும். அதனைக் கிருமிகொல்லி எனல் பொருந்தாது. அண்மைக் காலத்தில் சிலர் 'எதிர்மறை ஆற்றல்' வீட்டின் மூலைகளில் தங்கும் என்றும், கல்லுப்பு அதனை உறிஞ்சும் என்றும் அறிவியல் போலப் பேசுகின்றனர். இயற்பியல் அறிந்த ஆற்றலுக்கு நல்லது, தீயது என்னும் பிரிவு கிடையாது. உப்பு வைப்பதை மரபு என்று சொல்லுதல் நேர்மை. அறிவியல் என்று சொல்லுதல் மாணவரை மயக்குதலாகும்.

அப்படியானால் சடங்கால் ஆவது யாது? அது அஞ்சிய நெஞ்சைத் தேற்றுகிறது. குடும்பத்தாரை ஒரே வேளையில் ஒரே செயலில் இணைக்கிறது. 'இனி இது நம் வீடு' என்று அனைவர் முன்னும் அறிவிக்கிறது. இம்மூன்றையும் வடிகால் தராது. வடிகால் தருவதைச் சடங்கும் தராது.

அயலார் வழக்கில் காணும் ஒற்றுமை

தமிழர் வந்து வாழ்ந்த இந்நிலத்தில் மலாய்க்காரரும் சீனரும் இதே அச்சத்தை இதே முறையில் எதிர்கொண்டனர். அரிசி மாவு கரைத்த நீரை இலைக் கற்றையால் தெளிக்கும் 'தெப்போங் தாவார்' என்னும் மலாய் வழக்கத்தை, 1900இல் வெளிவந்த தம் நூலில் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் பதிவு செய்துள்ளார். தீங்கின் வெம்மையைத் தணித்து நடுநிலைப்படுத்துவதே அதன் நோக்கம். மரபான மலாய் வீட்டில் முதலில் நிறுத்தப்படும் நடுத்தூணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இன்று புதுவீடு புகும் முஸ்லிம் குடும்பங்கள் யாசீன் ஓதி, உற்றாரை அழைத்துக் கெண்டூரி வைக்கின்றன. நாகூரில் வழங்கும் 'கந்தூரி' என்னும் சொல்லும் இந்தக் 'கெண்டூரி'யும் ஒரே பாரசீகச் சொல்லின் பிள்ளைகள்.

சீனர் புதுவீட்டின் வாயிலிலிருந்து அன்னாசிப் பழத்தை உள்ளே உருட்டிவிடுவர். ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயராகிய 'ஓங் லாய்', 'வளம் வருக' என்று பொருள்படும் தொடரைப் போல ஒலிப்பதே காரணம். நிறைந்த அரிசிப் பானையை முதலில் உள்ளே வைப்பர். எல்லா விளக்குகளையும் ஏற்றுவர். தமிழ்க் கிறித்தவர் குருவை அழைத்துப் புனித நீர் தெளித்து வீட்டை அர்ச்சிக்கச் செய்வர். நீர், ஒளி, தானியம், விருந்து என்னும் நான்கும் ஏதோ ஒரு வடிவில் இவ்வழக்கங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சமயம் வேறாயினும் புதிய வாயிலின்முன் நிற்கும் மனித நெஞ்சம் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சொந்த வீடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் தோட்ட மக்களின் வீட்டு நிலை உறுதிப்படவில்லை. 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பல தோட்டங்களின் லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலி இடப்பட்டன. கண்ணகியின் சிற்றிலைச் சூழ்ந்த வேலி அவளைக் காத்தது. இந்த முள்வேலி காத்ததோடு கண்காணிக்கவும் செய்தது. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையோடு கூரையையும் இழந்தனர். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறு சேமிப்பைச் சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்கும் வழியை அது திறந்தது. 1966இலும் 1990இலும் மலேசியாவில் இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்த அளவுத் தரத்தை வகுத்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் நகர வளர்ச்சிக்காக விற்கப்பட்டபோது, மக்கள் தலைமுறைகளாகப் பெருக்கிக் கோலமிட்ட வாசல்களை விட்டு வெளியேறினர்.

சிங்கப்பூரின் கதை வேறு வழியில் சென்றது. அங்கும் துறைமுகம், நகராட்சி, கடற்படைத் தளம் ஆகியவற்றில் உழைத்த தமிழர் பலர் வேலையோடு ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரின் வீடுகளை அழித்தது. அவ்விடத்தில் விரைந்து எழுந்த அடுக்குமாடிகள் கழகத்தின் பணிக்குப் பெரும் உந்துதலாயின. 1964இல் மக்கள் வீடுகளை விலைக்கு வாங்கும் திட்டம் தொடங்கியது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு அவ்வீடுகளை வாங்க வழி பிறந்தது. 99 ஆண்டுக் குத்தகையாயினும், பெயர் பொறித்த பத்திரம் உழைப்பவர் கைக்கு வந்தது.

நாள் பார்த்து, உற்றாரை அழைத்து, வேள்வி வளர்த்துப் புதுமனை புகும் விழா எளிய குடும்பங்களுக்கும் உரியதானது இதன் பின்னரே. நிர்வாகத்தின் காம்பராவிற்கு எவரும் அழைப்பிதழ் அச்சிடுவதில்லை. அழைப்பிதழ் அச்சிட, வாயிலில் நின்று வரவேற்க, சொந்தமான ஒரு வாயில் வேண்டும். ஆகவே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்விழாவின் வளர்ச்சி, வீட்டுரிமையின் வளர்ச்சியே எனலாம்.

பத்தாம் மாடியில் சடங்கும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பசுவையும் கன்றையும் மின்தூக்கியில் ஏற்றுவது எளிதன்று. எனவே பால் மட்டும் ஏறிச் சென்றது. வேள்விக் குண்டம் சிறிய தட்டமாகச் சுருங்கியது. விறகடுப்பின் இடத்தில் எரிவாயு அடுப்பு வந்தது. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி பொருத்துவது கட்டாயமாயிற்று. ஆதலால் வேள்விப் புகையையும் அளவோடு எழுப்ப வேண்டியதாயிற்று. இவ்வளவு சுருங்கியும் பால் பொங்குதல் சுருங்கவில்லை.

பெயரில் ஒரு சீர்திருத்தம்

சடங்கின் பெயரும் வரலாறு உடையது. 1916 முதல் மறைமலையடிகள் வளர்த்த தனித்தமிழ் உணர்வும், சுயமரியாதை இயக்கமும் கடல் கடந்து இங்கும் வந்தன. பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வருகை தந்தார். சிங்கப்பூரில் 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் தமிழ் முரசு வெளிவரத் தொடங்கியது. இவ்வியக்கங்களின் தாக்கத்தால் 'கிரகப்பிரவேசம்' என்னும் சொல்லின் அருகே 'புதுமனை புகுவிழா' என்னும் சொல் அழைப்பிதழ்களில் இடம்பெற்றது. சிலர் தமிழ்மறை ஓதி விழாவை நடத்தினர். சிலர் சடங்கை நீக்கி விருந்தோடு நிறுத்தினர். சிலர் பழைய முறையையே தொடர்ந்தனர். மூன்று வகையினரும் வீட்டைக் கழுவி விளக்கேற்றிப் பால் காய்ச்சியே உள்ளே புகுந்தனர். கருத்து வேறுபாடுகள் கழித்தபின் எஞ்சுவது எதுவோ, அதுவே ஒரு மரபின் உயிர்.

நிறைவுரை

நெடுநல்வாடையின் வாயில்நிலையில் அப்பிய கடுகு முதல் அடுக்குமாடியின் கதவில் தொங்கும் மாவிலை வரை, ஒரே வேண்டுதல் தொடர்ந்து வருகிறது. தீயது நீங்குக, உள்ளே இருப்போர் காக்கப்படுக, வாழ்வு புதிதாகத் தொடங்குக என்பதே அவ்வேண்டுதல். 'கடி' என்னும் சொல்லின் பொருள்களும் இவையே. அந்த வேண்டுதலை அரசியும் செய்தாள். அடைக்கலம் புகுந்த கண்ணகியும் செய்தாள். பால்மரம் சீவிய தாயும் செய்தாள். இவர்களுள் மூன்றாமவளைப் பற்றிய குறிப்பு நூல்களில் அரிது. அவள் பெருக்கிய வாசல்கள் பலவும் இன்று நெடுஞ்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன.

உரியியல் நூற்பாவை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், 'கடி' என்னும் சொல்லுக்குப் பத்துப் பொருள் எழுதச் சொல்வதோடு நின்றுவிடத் தேவையில்லை. மாணவர் தத்தம் வீட்டில் முதன்முதலாகப் பால் காய்ச்சிய நாளைப் பற்றியும், அதற்கு முன் குடும்பத்தார் எந்த லயத்தில், எந்தக் கம்பத்தில், எத்தகைய கூரையின்கீழ் வாழ்ந்தனர் என்பதைப் பற்றியும் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம். அவ்விடைகளில் இலக்கணமும் இருக்கும். ஏட்டில் ஏறாத வரலாறும் இருக்கும். அவற்றைச் சொல்ல வல்ல முதியோர் இருக்கும்போதே கேட்டுவைப்பது கற்றோர் கடனாகும்.